பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பென்சில்

எங்கள் முதலாளி யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. வேலையை விட்டு அனுப்பும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் அனுப்புவார். “நாளையிலிருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க” என்பார். கேட்டவருக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகுதான் வேலை போய்விட்டது என்பதே உறைக்கும். எனக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். எங்கள் வீட்டில் பாசத்தைக்கூட அதட்டித்தான் காட்டுவார்கள். அதனால் இந்தக் கொங்கு மரியாதையைக் கண்டால் எனக்கு இன்றுவரை உள்ளுக்குள் ஒரு உதறல் உண்டு.

நான் வேலை பார்ப்பது திருப்பூரை ஒட்டிய ஒரு சாயப்பட்டறையில். பின்னலாடைத் துணி வெள்ளையாக உள்ளே வரும், கேட்ட நிறத்தில் வெளியே போகும். பில் அடிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். பிறகு மதிய வேளைகளில் செல்போனில் வீடியோ பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் ஒரு புரோகிராம் எழுதினேன். அன்றிலிருந்து முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னை “சாஃப்ட்வேர் அம்மிணி” என்று அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். ஏசி அறையில் எனக்கு ஒரு நாற்காலியும் கிடைத்தது. ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்த புண்ணியத்தில் என் மேலும் காற்று பட்டது. ஆனால் தலைக்கனம் ஏறுவதற்கு அந்தக் காற்றே போதுமானதாக இருந்தது.

புரோகிராம் செய்த வேலை ரொம்பப் பெரியதில்லை. ஒரு லாட் துணிக்கு எந்தச் சாயம் எத்தனை சதவீதம் என்பதை லேப்பில் டையிங் மாஸ்டர் முடிவு செய்வார். துணியின் எடையை அந்தச் சதவீதத்தால் பெருக்கினால் எத்தனை கிலோ சாயம் என்று வரும். அதை ஒரு சீட்டில் அச்சடித்துக் கலர் ரூமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே தராசில் நிறுத்து மெஷினுக்குக் கொடுப்பார்கள். முன்பெல்லாம் டையிங் மாஸ்டரே கால்குலேட்டரில் போட்டுக் கிராம் கணக்கில் கையால் எழுதிக் கொடுப்பார். அவர் கையெழுத்தில் ஒன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் பார்க்க நல்ல மனசு வேண்டும். அதனால்தான் கம்ப்யூட்டர் சீட்டு என்றதும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

முதல் சீட்டைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்தேன். சாயத்தின் எடை 0.21 என்று வர வேண்டிய இடத்தில், இருபத்தொன்றுக்குப் பின்னால் பூஜ்யங்கள் வரிசையாகப் போய், கடைசியில் ஒரு துக்கடா எண் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தசமங்களை உள்ளே வைத்துக்கொள்ளும் முறையில் வரும் கோளாறு அது. அந்த விளக்கத்தை நான் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, இதென்னங்க, கிலோவுங்களா, ஆதார் நம்பருங்களா?”

“கிலோதான் சார்.”

“மனுசன் படிக்கிற மாதிரி குடுங்கம்மிணி. புள்ளிக்கு அந்தப் பக்கம் ரெண்டு எண்ணு இருந்தாப் போதுமுங்க. எங்க மூலனூரு சந்தையில முருங்கக்காய்க்கு அதுகூடப் பார்க்க மாட்டாங்க.”

அவருக்குச் சொந்த ஊர் மூலனூர். எந்தப் பேச்சும் முருங்கைக்காயில் வந்துதான் நிற்கும். வாரம் ஒருமுறை ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டு வரும். வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியாது. என் அம்மா இப்போதெல்லாம் முருங்கைக்காயைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பைத்தானில் எண்ணைப் படிக்கிற மாதிரி மாற்றுவது பெரிய வித்தை இல்லை. எண்ணின் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி, ஒரு புள்ளி, ஒரு இரண்டு, ஒரு எஃப். அவ்வளவுதான். உள்ளே எண் முழுதாக, துக்கடாவோடு, அப்படியே இருக்கும். காகிதத்துக்கு வரும்போது மட்டும் தலைசீவிப் பவுடர் போட்டு இரண்டு தசமத்தோடு நிற்கும். 0.21, 0.09, 14.60. புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேர்கோட்டில் வருகிற மாதிரி இடமும் விட்டேன். பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. முதலாளி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்பப் படிக்குதுங்க” என்றார். நான் ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

கிலோவில் இரண்டு தசமம் என்றால் கடைசி இடம் பத்து கிராம். ஐந்து கிராமுக்குக் குறைவாக எது வந்தாலும் காகிதத்தில் 0.00 என்றுதான் விழும். கருப்பு, நேவி நீலம், மெரூன் எல்லாம் கிலோ கணக்கில் சாயம் குடிக்கிற நிறங்கள். அவற்றில் ஐந்து கிராம் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் மணல் நிறம், தந்த நிறம், வெளிர் சாம்பல் போன்றவை வேறு ரகம். முந்நூறு கிலோ துணிக்கு மூன்றாவது சாயம் நாலு கிராம்தான் வரும், அந்த நாலு கிராமில்தான் நிறமே நிற்கும். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் ஏசி அறையில் இருந்தேன்.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கலர் ரூமில் சாயம் நிறுக்கும் எடைக்காரர். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், வயது முப்பத்தைந்து இருக்கும். எல்லோரும் பையா என்று கூப்பிடுவார்கள். திருப்பூருக்கு வந்து பல வருடம் ஆனதால் தமிழ் பேசுவார், அதுவும் கொங்குத் தமிழ். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு வராத ‘ங்க’ அவருக்குச் சரளமாக வரும். ஆனால் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிற இந்த ஊர் அவருக்கு மட்டும் ‘டா’ போட்டது. முதலாளியைத் தவிர ஒருத்தர்கூட அவரிடம் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. இதைச் சொல்கிற நானும் அப்படி ஒன்றும் கிழித்துவிடவில்லை.

கம்ப்யூட்டர் சீட்டு வந்த இரண்டாவது வாரம் அவர் ஏசி அறைக் கதவை நாலு விரல் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை. முழங்கை வரை நீலமும் மஞ்சளுமாக இருந்தது.

“மேடம், மூணாவது லைன்ல ஜீரோ வருதுங்க. கலர் பேரு இருக்குதுங்க, எடை இல்லீங்க.”

நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஜீரோன்னா ஜீரோதான் பையா. எல்லாம் சரியாத்தான் இருக்கு, போங்க.”

“இல்லீங்க மேடம், பேரு எழுதிட்டு…”

“கதவைச் சாத்துங்க, ஏசி வெளிய போகுது.”

சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நானும் மறந்துபோனேன். சீட்டுகள் போய்க்கொண்டிருந்தன, துணி கேட்ட நிறத்தில் வந்துகொண்டிருந்தது. வாரக் கூட்டங்களில் முதலாளி என் சீட்டைத் தூக்கிக் காட்டி, “அம்மிணி வந்தாங்க, தப்பே வரதில்லீங்க” என்பார். நான் அடக்கமாகத் தரையைப் பார்ப்பேன். அந்தப் பார்வையைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐந்து மாதம் கழித்து எடைக்காரர் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். பத்து நாள் லீவு. மாற்று ஆள் இல்லை. முதலாளி ஏசி அறைக்கே வந்தார்.

“சீட்டு நீங்கதானுங்களே போடறீங்க. அதைப் பார்த்து நிறுக்கறதும் நீங்களே பண்ணிப்போடுங்கம்மிணி. பத்து நாளைக்குத்தானுங்க.”

எனக்கு உள்ளூர ஒரே குஷி. புரோகிராம் எழுதியவளே தராசிலும் நின்றால் தப்பு எங்கிருந்து வரும்? முகமூடி, கையுறை, ரப்பர் ஏப்ரன் எல்லாம் மாட்டிக்கொண்டு கலர் ரூமுக்குள் போனேன். சாயப் பொடி பார்க்கிறபோது ஒரு நிறமாகவும் தண்ணீர் பட்டதும் இன்னொரு நிறமாகவும் இருந்தது. ஒன்பது நாள் எல்லாம் அடர் நிறங்கள், பிரச்சினை இல்லை. பத்தாவது நாள் மணல் நிறம் வந்தது. முந்நூறு கிலோ. பெண்கள் டீ-சர்ட்டுக்கு, கப்பலில் போக வேண்டிய ஆர்டர்.

சீட்டில் மஞ்சள் 0.21, சிவப்பு 0.09, நேவி 0.00. நேவியின் பெயர் இருந்தது, எடை இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு ஒருவர் கதவிடுக்கில் நின்று இதே வாக்கியத்தைச் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை. மாறாக, “தேவையில்லாத பேரைக்கூட விடாம அடிக்குது பாரு, என் புரோகிராம் எவ்வளவு ஒழுங்கு” என்று நினைத்தேன். சீட்டுக்குப் பின்னால் லேப் அட்டை பின் அடித்திருந்தது. முன்பக்கம் மாதிரித் துணி ஒட்டியிருக்கும், பின்பக்கம் சதவீதங்கள் பொடி எழுத்தில் இருக்கும். நான் அதைத் திருப்பவில்லை. மஞ்சளையும் சிவப்பையும் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.

மெஷினிலிருந்து துணி வெளியே வந்தபோது மாஸ்டர் ஒரு முனையை வெட்டிக் காயவைத்து, நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குள் நீட்டினார். பக்கத்தில் மாதிரித் துணி. நான் பார்த்தவரை இரண்டும் ஒன்றுதான். மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார்.

“சிவப்படிக்குது.”

“லேசாத்தானே சார்?”

“மணலு கேட்டா பேபி சோப்பு வந்திருக்குதுங்க. இதைக் காதர்பேட்டை கழிவுத் துணிக் கடையிலதான் கொண்டுபோய்க் கொட்டோணும்.” பிறகு என்னைப் பார்த்தார். “சீட்டுப்படிதானுங்களே போட்டீங்க?”

“அப்படியே போட்டேன் சார். ஒரு கிராம் கூடல, குறையல.”

நான் சொன்னது அப்பட்டமான உண்மை. அதனால் மாஸ்டருக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. சீட்டு சரி, நிறுத்தது சரி, நிறம் மட்டும் தப்பு என்றால் வேறு யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். ஊரில் இல்லாதவர் மேல் பழி போடுவது எல்லோருக்கும் வசதி. டப்பாவை மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கரண்டியைக் கழுவாமல் போயிருக்கிறான் என்று மாஸ்டர் வரிசையாகச் சொன்னார். அந்த லாட்டை அவர் கண்ணளவில் கொஞ்சம் நேவி சேர்த்துத் திரும்ப ஓட்டிச் சரிசெய்தார். கப்பல் ஒருநாள் தள்ளிப்போனது. முதலாளி “பையா வரட்டுமுங்க” என்று மட்டும் சொன்னார். அந்த ‘ங்க’ எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை எடைக்காரர் வந்தார். இந்த முறை தனியாக வரவில்லை. மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டி வந்திருந்தார். பட்டறை ஆட்களுக்கான லைன் வீட்டில் ஒரு அறையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார். பெண்ணைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதாகக் காலையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த ஊர்ப் பலகாரம். ஏசி அறைக் கதவைத் தட்டி எனக்கும் இரண்டு கொடுத்தார். கல்லு மாதிரி இருந்தது, ஆனால் ருசி. வாய்க்குள் அதை ஊறவைத்துக்கொண்டே இருந்தபோதுதான் முதலாளியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். எடைக்காரரையும், மாஸ்டரையும், சாட்சிக்கு என்னையும்.

“மணல் கலரு போன தடவை நீதானே நிறுத்தே? அப்ப சரியா வந்துச்சு, இப்ப அதே சீட்டு, வரல. என்ன பண்ணினே?” என்றார் மாஸ்டர்.

எடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டவரின் சந்தோஷம். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

“நேவி ஜீரோ இருக்குதுங்க சார். ஜீரோ இருந்தாலும் நான் போடுவேனுங்க.”

“என்னது?”

“ஜீரோ வர்ற லைனெல்லாம் நான் போடுவேனுங்க. நானே கணக்கு…”

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “சீட்டுல இல்லாததைப் போட உனக்கு எவன்டா சொன்னது? நீ மாஸ்டரா, நான் மாஸ்டரா?” அதற்குப் பிறகு எடைக்காரர் சொல்ல முயன்றது எதுவும் யார் காதிலும் விழவில்லை. தமிழில் ஆரம்பித்தார், நடுவில் இந்திக்குப் போனார், கையால் அட்டையைத் திருப்புகிற மாதிரி ஏதோ காட்டினார், கடைசியில் நிறுத்திக்கொண்டார். எங்கள் பட்டறையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சீட்டில் இல்லாததில் யாரும் கை வைக்கக் கூடாது. அதை எழுதிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறோம். நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன்.

முதலாளி மெதுவாகச் சொன்னார். “சனிக்கிழமை வரைக்கும் ரூம்ல இருந்துக்குங்க. அதுக்கப்புறம் நீங்க சிரமப்பட வேண்டாமுங்க.”

எடைக்காரருக்கு இந்த ஊர்த் தமிழ் நன்றாகத் தெரியும். அவருக்கு அங்கேயே உறைத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நொடி காத்திருந்தார், அவ்வளவுதான். கதவிடுக்கு, நீலக் கை, ‘கலர் பேரு இருக்குதுங்க, எடை இல்லீங்க’ எல்லாம் எனக்கு அந்த நொடியில் ஞாபகம் வந்தது. வாயில் அவர் வீட்டுப் பலகாரம் இருந்தது. அதனால் பேச முடியவில்லை என்று பிறகு எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். பொய். விழுங்கி ரொம்ப நேரமாகியிருந்தது.

என் இடத்துக்கு வந்து புரோகிராமைத் திறந்தேன். இரண்டை அழித்து நாலு ஆக்கினேன். அதே மணல் நிறச் சீட்டைத் திரும்பத் திரையில் பார்த்தேன். நேவி 0.0045. நாலரை கிராம். அது ஐந்து மாதமும் உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் வெளியே விடவில்லை. இந்த ஒரு எண்ணை மாற்றியது எனக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டும்தான் தெரியும். இந்தப் பட்டறையில் வேறு யாருக்கும் அந்த வரியைப் படிக்கத் தெரியாது. அடுத்த மணல் நிறம் வரும்போது சரியாக வரும். பையா போனதால்தான் சரியானது என்று எல்லோரும் நம்புவார்கள். இதைவிடச் சுத்தமாக ஒருவரை ஒழிக்க முடியாது.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். நியாயம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? வாயை மூடிட்டுக் கெட. நாலு பேரு முன்னாடி போயி நாந்தான் செஞ்சேம்னு சொன்னா நாற்காலியவும் பிடுங்கிட்டு வெளிய விட்ருவான். நீயும் எங்கூட வந்து டேபிள்ல நிக்கப் போறியா?”

“அந்த ஆளு பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வந்திருக்காரும்மா.”

“அதுக்கு நீ என்ன செய்வ? முருங்கைக்காய நறுக்கு.”

நறுக்கினேன். சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆத்திரப்பட்டு விடியும்வரை புரண்டேன் என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் கலர் ரூமுக்குப் போனது வேறு வேலையாக. பழைய சீட்டுகளை எடுத்து வரச் சொல்லியிருந்தார் மாஸ்டர், பையா எந்தெந்த லாட்டில் கை வைத்தான் என்று பட்டியல் போட. முடிந்த சீட்டுகளை அங்கே சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார்கள். மொத்தமாக உருவினேன். வெளிர் நிறச் சீட்டுகளில் எல்லாம் 0.00-க்குப் பக்கத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. கொக்கி, ஒரு புள்ளி, இன்னொரு கொக்கி. சில இடத்தில் 0.01-ஐயும் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் கிறுக்கியிருந்தது. பென்சில் கூர்மையா என்று பார்த்தது போல இருந்தது. ஆனால் எல்லாச் சீட்டிலும் ஒரே இடத்தில் யார் கூர்மை பார்ப்பார்கள்?

பையா ஊர் எண்ணாக இருக்குமோ என்று தோன்றியது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செல்போனில் இந்தி கீபோர்டைத் திறந்தேன். எண்கள் வரிசையில் அதே கொக்கிகள் இருந்தன. மணல் நிறத்தின் பழைய சீட்டில் இருந்ததை அப்படியே பார்த்து அடித்தேன்: ४.५. அதை எனக்கே மெசேஜாக அனுப்பி, எழுத்தை எண்ணாக்கும் பைத்தான் கட்டளைக்குள் ஒட்டினேன். பிழை என்று சிவப்பில் நாலு வரி திட்டும் என்று எதிர்பார்த்தேன். அது யோசிக்கவே இல்லை. 4.5 என்றது.

பைத்தானுக்கு இந்தி எண் தெரியும் என்று எனக்குத் தெரியாது. விளையாட்டாகத் தமிழ் எண்களையும் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதையும் படித்தது. தமிழ் எண்ணில் நாலு எது, ஐந்து எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இயந்திரத்துக்கு இந்தி, தமிழ், இங்கிலீஷ் மூன்று எண்ணும் ஒன்றுதான். கதவைச் சாத்தச் சொன்னது நான் மட்டும்தான்.

ஒவ்வொரு சீட்டாக அடித்தேன். பின்னால் இருந்த லேப் அட்டைகளையும் முதல்முறையாகத் திருப்பினேன். அட்டையின் சதவீதத்தைத் துணியின் எடையால் பெருக்கினால் பென்சில் எண் வந்தது. ஒன்றில்கூட மாறவில்லை. எட்டு கிராம் போட வேண்டிய இடத்தில் என் சீட்டு பத்து என்று சொன்னதையும் அவர் திருத்தியிருந்தார். ஐந்து மாதமாக என் புரோகிராம் தப்பே விடவில்லை என்று முதலாளி தூக்கிக் காட்டியது எல்லாம் இவர் பென்சிலால் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த அந்த அடக்கமான பார்வை ஞாபகம் வந்ததும் இன்னும் சுட்டது.

சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மாஸ்டரும் அங்கேதான் இருந்தார். மேஜையில் பரப்பினேன். அட்டையைத் திருப்பிக் காட்டினேன், பென்சிலைக் காட்டினேன், கால்குலேட்டரில் பெருக்கிக் காட்டினேன். மூன்று சீட்டு முடிந்ததும் முதலாளி கையைத் தூக்கி நிறுத்தினார். மாஸ்டர் மீதிச் சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு அட்டையாகத் தானே திருப்பிப் பார்த்தார். அதில் இருந்தது அவருடைய சதவீதங்கள்தான்.

“அப்ப இந்த ஜீரோவைப் போட்டது ஆருங்க?” என்றார் முதலாளி.

“நாந்தானுங்க.”

பிறந்ததிலிருந்து அந்தக் கொங்கு ‘ங்க’ என் வாயில் வந்ததில்லை. பயத்தில் தானாக வந்துவிட்டது.

“பையா உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குச் சாட்சி கிடையாது. “சொன்னாருங்க. நான் கதவைச் சாத்தச் சொல்லிட்டேன்.”

நான் மனதுக்குள் செக்கிங் டேபிளில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். முதலாளி சீட்டுகளை அடுக்கிக் கட்டி என் கையில் கொடுத்தார்.

“இனிமே உங்க சீட்டைப் பையா பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மெஷினுக்குப் போகோணுமுங்க. அவரைப் போயி நீங்களே கூட்டியாங்க. மாஸ்டர், நீங்களும் கூடப் போங்க.”

லைன் வீட்டில் எடைக்காரர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மகள் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, சுவரைப் பார்த்து, “நாளைக்கு வேலைக்கு வந்திருப்பா” என்றார். டா-விலிருந்து ப்பா-வுக்கு வர அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். எடைக்காரர் “பரவாயில்லீங்க மேடம்” என்றார். ‘பரவாயில்லை’ என்பதை இந்த ஊர்க்காரர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் சொன்னது எந்த விதம் என்று மட்டும் பிடிபடவில்லை.

அந்த வாரமே சீட்டைக் கிராமுக்கு மாற்றினேன். பிராயச்சித்தமாக இன்னொரு வேலையும் செய்தேன். எடைக்குப் பக்கத்தில் அதே எடையை இந்தி எண்களில் அச்சடிக்க ஒரு பத்தி சேர்த்தேன். பைத்தானில் இரண்டு வரிதான். யாரோ கைதட்டப் போகிற மாதிரி முதல் சீட்டை நானே கலர் ரூமுக்குக் கொண்டுபோனேன்.

எடைக்காரர் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

“இதென்னங்க மேடம்? எனக்கு இங்கிலீஷ் நம்பர் படிக்கத் தெரியுமுங்க. என்னுதைப் படிக்கத் தெரியாதது உங்களுக்குத்தானுங்க.”

மறுநாளே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். இப்போது சீட்டில் நேவி 4.5 கிராம் என்று தெளிவாக வருகிறது. பள்ளி விட்டதும் அவர் மகள் கலர் ரூம் வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்கிறாள், தமிழில். அவர் ஒவ்வொரு சீட்டையும் வாங்கி, அட்டையைத் திருப்பி, செல்போனில் பெருக்கி, பென்சிலில் தன் எண்ணை எழுதி, அதன் பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார். ஒருநாள் அவசர லாட். நான் பக்கத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டிருந்தேன்.

“பையா, இன்னும் எதுக்கு இந்தக் கணக்கு? இப்பதான் எல்லாம் சரியா வருதே.”

அவர் பென்சிலை நிறுத்தவில்லை.

“அன்னிக்கும் சரியாத்தான் இருக்குதுன்னு சொன்னீங்க மேடம்.”